200 லிட்டர் மழைநீர்ப் பீப்பாய்: 16 மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

சிங்கப்பூரின் சிராங்கூன் கார்டன்ஸ் வட்டாரத்தில் உள்ள எங்கள் தரைவீட்டில், கார் நிறுத்துமிடத்தின் கூரையிலிருந்து வடியும் மழைநீரைப் பிடித்து வைப்பதற்காக, 16 மாதங்களுக்கு முன்பு ஒரு நவம்பரில், 200 லிட்டர் பீப்பாய்த் தொகுப்பு ஒன்றை 189 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கினேன். விற்ற கடையின் பெயரையும் தயாரிப்பின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. ஏறத்தாழ இதே உறுப்புகளைக் கொண்ட தொகுப்புகள் பல பெயர்களில் விற்கப்படுவதால், ஒவ்வோர் உறுப்பும் எங்கள் வீட்டில் எப்படி உழைத்தது என்று சொல்வதே வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும். பெட்டிக்குள் இருந்தவை இவைதாம்: கரும்பச்சை நிறப் பாலித்தீன் பீப்பாய், இறங்கு குழாயில் பொருத்தும் இலைச் சல்லடை, ‘ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்’ என்று அச்சிடப்பட்ட முதல்நீர்க் குழாய், ஒரு திருகு குழாய், நிரம்பினால் நீரை வெளியேற்றும் வழிவுக் குழாய், தண்ணீர் நாறாமல் காக்கும் என்று சொல்லப்பட்ட பன்னிரண்டு நீல வில்லைகள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பீப்பாய் நன்றாக இருக்கிறது. முதல்நீர்க் குழாய்தான் இந்தத் தொகுப்பின் உயிர். ஆனால் கொடுக்கப்பட்ட நீளம் போதாது. வழிவுக் குழாய் கொசு உள்ள எந்த ஊருக்கும் தகுதியற்றது. வில்லைகளை நான் நான்காவது மாதத்திலேயே குப்பையில் போட்டுவிட்டேன்.

மழைநீரைச் சேமிப்பதில் எனக்கு ஆர்வம் வந்ததற்கு என் தாயார்தான் காரணம். அவர் தேவகோட்டைப் பக்கத்தில் முற்றம் வைத்த வீட்டில் வளர்ந்தவர். நாற்புறக் கூரையிலிருந்தும் முற்றத்தில் கொட்டும் மழையை, வாயில் வெள்ளைத் துணி கட்டிய பித்தளை அண்டாவில் பிடித்து வைப்பார்களாம். பீப்பாயைப் பொருத்திய அன்று மாலை வானம் இருட்டிக்கொண்டு வந்தபோது, நான் ஆவலுடன் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலியில் அமர்ந்திருந்த அவர், “மொத மழை கூரையைக் கழுவட்டும் தம்பி, அதைப் பிடிக்காதே. கூரை கழுவின பெறகு வர்ற தண்ணியப் பிடி” என்றார். அந்த முதல்நீர்க் குழாய் செய்வதும் அதையேதான் என்பது, பெட்டியில் இருந்த விளக்கத்தாளைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

அதன் வேலை எளிமையானது. கூரையிலிருந்து இறங்கும் நீர், பீப்பாய்க்குச் செல்லும் வழியில், அடைத்த அடிப்பக்கம் கொண்ட செங்குத்துக் குழாய் ஒன்றை முதலில் நிரப்ப வேண்டும். அதற்குள் ஒரு பந்து மிதக்கிறது. குழாய் நிரம்பியதும் பந்து மேலே எழுந்து அதன் வாயை அடைத்துவிடுகிறது. அதன் பிறகு வரும் நீர் மட்டுமே பீப்பாய்க்குள் போகிறது. மைனாவும் புறாவும் கூரையில் விட்டுச் சென்ற எச்சம், சாலைத்தூசி, காய்ந்த இலைத்துகள், புகைமூட்டக் காலத்தில் படியும் கரி ஆகிய யாவும் மழையின் முதல் சில நிமிடங்களில்தான் பெருமளவு கழுவப்பட்டு வருகின்றன. அவை அந்தக் குழாயில் சிறைப்படுகின்றன. அடியில் உள்ள மிகச் சிறிய துளை வழியாக அந்த அழுக்கு நீர் சொட்டுச் சொட்டாக வடிந்து, ஏறத்தாழ ஒரு நாளுக்குள் குழாய் காலியாகி, அடுத்த மழைக்குத் தயாராகிவிடும்.

இங்கே சிறிது கணக்குப் பார்க்க வேண்டும். கடைக்காரர் சொல்லாத கணக்கு இது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். கூரையைக் கழுவ முதல் அரை மில்லிமீட்டர் முதல் இரண்டு மில்லிமீட்டர் வரையிலான மழையை ஒதுக்குவது வழக்கம். பறவைகள் அதிகம் அமரும் கூரைக்கும் மரநிழலில் இருக்கும் கூரைக்கும் கூடுதலாக ஒதுக்க வேண்டும். எங்கள் கூரை 20 சதுர மீட்டர். ஆகவே ஒரு மில்லிமீட்டருக்கு 20 லிட்டர் ஒதுக்க வேண்டும். தொகுப்பில் வந்த குழாயோ 10 சென்டிமீட்டர் விட்டமும் 1.2 மீட்டர் நீளமும் கொண்டது. அதில் பிடிப்பது 9.4 லிட்டர்தான். எங்கள் கூரைக்கு அது அரை மில்லிமீட்டர்கூட ஆகவில்லை. விளக்கத்தாளில் 50 சதுர மீட்டர் கூரை வரை பயன்படுத்தலாம் என்று எழுதியிருந்தார்கள். அவ்வளவு பெரிய கூரையில் இந்தக் குழாய் ஒதுக்குவது 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவு; தூசி நன்றாக நனைவதற்குள் பந்து எழுந்து வாயை அடைத்துவிடும். வாங்குபவர்களைத் தவறான நம்பிக்கைக்குக் கொண்டுபோகும் இந்த வரியை அவர்கள் திருத்த வேண்டும்.

நான் செய்தது என்னவென்றால், அதே விட்டமுள்ள குழாயை இன்னொரு 1.2 மீட்டர் வாங்கி, சுவரோரமாகச் சிறிது சரிவாக வைத்து, முதல் குழாயின் அடியில் முழங்கை இணைப்புடன் சேர்த்தேன். இப்போது ஒதுக்கப்படும் நீர் ஏறக்குறைய 19 லிட்டர். செலவு 20 வெள்ளிக்குள் முடிந்துவிட்டது. இந்த ஒரு மாற்றம் தந்த பலனை வேறு எந்த மருந்தும் தரவில்லை என்பதை, இரண்டு பிப்ரவரி மாதங்களை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

முதல் பிப்ரவரியை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாற்றம் எங்கிருந்து பிறக்கிறது என்பதை நான் அந்த மாதத்தில்தான் கற்றுக்கொண்டேன். நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில் வடகிழக்குப் பருவமழை கொட்டியபோது எந்தக் குறையும் தெரியவில்லை. பீப்பாய் அடிக்கடி நிரம்பி வழிந்ததால் மேலே மிதந்த துகள்கள் தாமாகவே வெளியேறின. நாங்களும் கறிவேப்பிலைச் செடிக்கும் மல்லிகைக்கும் வாசல் கழுவுவதற்கும் தண்ணீரை எடுத்துக்கொண்டே இருந்தோம். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,113 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்றாலும், அது எல்லா மாதங்களிலும் ஒரே அளவில் பெய்வதில்லை. சராசரியில் பிப்ரவரிதான் மிக வறண்ட மாதம். 2014இல் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் நீடித்த வறட்சியை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நாள்களில் பீப்பாய்க்குள் புதுநீர் வருவதில்லை. மிச்சமிருக்கும் நீர் அசையாமல் வெந்துகொண்டிருக்கும். எங்கள் வாசல் மேற்குப் பார்த்தது என்பதால் பிற்பகல் வெயில் முழுவதும் பீப்பாயின் மீதுதான் விழுந்தது. அந்த மாதம் மூன்றாவது வாரத்தில் ஒரு காலை குழாயைத் திறந்தபோது வந்த அழுகிய முட்டை நாற்றத்தில் என் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவின் நாற்றம். இலைத்துகளும் எச்சமும் மகரந்தமும் அடியில் கசடாகப் படிகின்றன. அவற்றை உண்ணும் நுண்ணுயிரிகள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் முதலிலேயே குறைவு: 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும் என்றால், நம் ஊரின் 30 பாகையில் அது ஏறத்தாழ ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். ஆக்சிஜன் தீர்ந்ததும், அது இல்லாமலே வாழும் பாக்டீரியாக்கள் கந்தகச் சேர்மங்களைச் சல்பைடாக மாற்றத் தொடங்குகின்றன. ஆக, நாறுவது தண்ணீர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, உண்மையில் நாறிக்கொண்டிருப்பது அடியில் கிடக்கும் ஒரு விரற்கடைக் கசடு.

இதை உறுதி செய்துகொள்ள, வெள்ளை நிறப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை மேலிருந்து அடி வரை மெதுவாக இறக்கி எடுத்தேன். அடியில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குக் கரிய சேறு ஒட்டியிருந்தது. மூன்றே மாதத்தில் அவ்வளவு! எங்கள் தெருவில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. அதன் சிற்றிலைகள் விரல்நகத்தளவே இருப்பதால், இலைச் சல்லடையின் அகலமான கண்கள் வழியே அவை நழுவி உள்ளே போயிருக்கின்றன. பெரிய இலைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட சல்லடை அது. அதன் மீது நுண்கண் வலையை இன்னோர் அடுக்காகக் கட்டிய பிறகு சிற்றிலைகள் நின்றுவிட்டன. ஆனால் வாரம் ஒருமுறை அந்த வலையைத் தட்டி எடுக்க வேண்டியிருக்கிறது. தட்ட மறந்தால் நீர் வலையின் மேல் தேங்கி வெளியே சிதறுகிறது.

இந்தக் கசடு வெளியேறுவதற்குத் தொகுப்பில் வழியே இல்லை என்பது என் இரண்டாவது பெரிய குறை. திருகு குழாய் அடியிலிருந்து எட்டு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேறு கலந்த நீர் குழாய்க்குள் வராமல் இருப்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அது சரியான காரணம்தான். ஆனால் 58 சென்டிமீட்டர் விட்டமுள்ள பீப்பாயில் எட்டு சென்டிமீட்டர் என்பது 21 லிட்டர். குழாயைத் திறந்து கடைசிச் சொட்டு வரை வடித்தாலும் அந்த 21 லிட்டரும் கசடும் உள்ளேயே கிடக்கும். அடியில் ஒரு கழிவுத் திருகு வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. முதல் ஆண்டில் நானும் மகளும் பீப்பாயைச் சாய்த்துச் சாய்த்துச் சேற்றைக் கொட்டினோம். பீப்பாயையும் சேர்த்து 30 கிலோ எடை. வயதானவர்கள் தனியாகச் செய்யக்கூடாத வேலை. பிறகு அடிப்பக்கத்தில் துளையிட்டு, இருபுறமும் ரப்பர் வளையம் வைத்த இணைப்பையும் ஒரு மூடியையும் பொருத்திக்கொண்டேன். இப்போது ஐந்து நிமிடத்தில் வேலை முடிகிறது.

இன்னொரு சிறு மாற்றத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேலிருந்து வரும் நீர் நேராகப் பீப்பாயின் அடியில் போய் மோதினால் படிந்திருக்கும் கசடு முழுவதும் கலங்கி எழும். ஆகையால் உள்ளே வரும் குழாயை அடி வரை நீட்டி, முனையை மேல்நோக்கி வளைத்துவிட்டேன். புதுநீர் அடியைக் கலக்காமல் மெதுவாக மேலெழுகிறது. ஆக்சிஜன் நிறைந்த அந்தப் புதுநீர் அடிப்பகுதிக்கே போய்ச் சேர்வதால் அழுகலும் தள்ளிப்போகிறது.

பீப்பாயின் நிறத்தைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும். ஒளி உள்ளே புகாத கரும்பச்சை நிறம் என்பதால் இந்த 16 மாதங்களில் பாசி படரவில்லை. அடுத்த வீட்டில் வெளிச்சம் ஊடுருவும் வெள்ளை டிரம் ஒன்றில் மழைநீர் பிடிக்கிறார்கள். ஒரே மாதத்தில் நீர் பச்சையாகிவிட்டது. “தம்பி, பச்சையா இருந்தா செடிக்கு உரம்தானே?” என்று அந்த அக்கா என்னிடம் கேட்டார். பாசி செத்து அடியில் விழுந்தால் அதுவும் கசடுதான், பிறகு நாறத் தொடங்கும் என்று சொல்லி, டிரம்மைச் சுற்றிக் கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டச் சொன்னேன். இரண்டு வாரத்தில் நீர் தெளிந்துவிட்டது. எங்கள் பீப்பாயையும் வெயில் நேராகப் படாத பக்கவாட்டுச் சுவருக்கு மாற்றினேன்.

நாற்றம் எல்லாம் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பழைய ஹார்லிக்ஸ் புட்டி ஒன்றில் பாதியளவு நீரை எடுத்து, மூடி, நன்றாகக் குலுக்கி, திறந்த உடனே முகர்ந்து பார்ப்பது என் வழக்கம். முட்டை நாற்றம் வந்தால் அடியில் கசடு அழுகுகிறது. வடித்துக் கழுவ வேண்டும். மண்வாசனையோ பூஞ்சை வாசனையோ வந்தால் அது பெரும்பாலும் ஜியோஸ்மின் என்ற பொருளாக இருக்கும். சில மண்ணுயிரிகளும் நீலப்பச்சைப் பாசிகளும் அதை உருவாக்குகின்றன. புதுமழையில் எழும் மண்வாசனையிலும் அதுதான் இருக்கிறது. மனித மூக்கு அதை ஒரு லிட்டரில் ஒரு கிராமின் பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவிலேயே உணர்ந்துவிடும் என்பதால், அந்த வாசனை கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பச்சை வாடையோ மீன் வாடையோ வந்தால் எங்கோ வெளிச்சம் புகுந்து பாசி வளர்கிறது என்று பொருள். மூடியையும் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். பறவைக் கூண்டு வாடை வந்தால் கூரை நீர்வடிகாலில் ஏறிப் பார்க்க வேண்டும். எங்களுக்கு ஒருமுறை அப்படி வந்தபோது, வடிகாலின் மூலையில் மைனா கட்டிய பாதிக் கூடு கிடைத்தது.

இனி வழிவுக் குழாய். இதைப் பற்றிக் கோபமில்லாமல் எழுத முடியவில்லை. நாற்பது மில்லிமீட்டர் அகலமுள்ள திறந்த குழாய், வெளிமுனையில் வலையே இல்லை, வளைவில் எப்போதும் சிறிது நீர் தேங்கும். பொருத்திய ஐந்தாவது வாரத்தில் அந்த வளைவைக் கழற்றிப் பார்த்தபோது கொசுப்புழுக்கள் நெளிந்தன. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் தாயாருக்கு 82 வயது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஏழு நாள்கள் போதும். அதன் முட்டைகள் நீரில்லாமல் காய்ந்த சுவரிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டில் மட்டும் 35,000க்கும் அதிகமானோர் டெங்கிக் காய்ச்சலால் பாதிக்கப்பட்டார்கள். பூச்சட்டித் தட்டில் தேங்கும் நீரைக்கூடக் கொட்டச் சொல்லித் தேசிய சுற்றுப்புற வாரியம் ஒவ்வொரு வீட்டிலும் கதவைத் தட்டும் ஊரில், வலையில்லாத வழிவுக் குழாயை விற்பது பொறுப்பற்ற செயல். ஒரு மில்லிமீட்டருக்கு மேற்படாத கண்களுள்ள எஃகு வலையை உள்முனையிலும் வெளிமுனையிலும் இறுக்கும் வளையத்தால் கட்ட வேண்டும். பீப்பாய் மூடியின் விளிம்பிலும் விரல்நுழையும் இடைவெளி இருந்தது. அதை ரப்பர் பட்டை வைத்து அடைத்தேன். இவை செய்யாமல் ஒரு மழைகூடப் பிடிக்காதீர்கள்.

கூரை நீர்வடிகாலுக்கும் இதே கவனம் வேண்டும். பீப்பாய் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வடிகாலில் இலை அடைத்து நீர் தேங்கினால் கொசுவும் அங்கே, நாற்றமும் அங்கிருந்தே. மாதம் ஒருமுறை வடிகாலைச் சுத்தம் செய்து பிடிஐ மருந்தைப் போடுமாறு வாரியம் சொல்கிறது. அது கொசுப்புழுவைக் கொல்லும் ஒரு வகை மண் பாக்டீரியாவிலிருந்து செய்யப்படுவது. மனிதர்களுக்கும் செல்லப்பிராணிகளுக்கும் செடிகளுக்கும் கேடில்லை. பொட்டலத்தில் குறிப்பிட்ட அளவையே நான் பீப்பாயிலும் போடுகிறேன். வலைக்கு அது மாற்றாகாது. வலை கிழிந்த நாளுக்கான இரண்டாவது காவல்.

நீல வில்லைகளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அவற்றில் என்ன இருக்கிறது என்றே உறையில் எழுதவில்லை. முதல் முட்டை நாற்றம் வந்தபோது இரண்டு போட்டேன். இரண்டு நாள் சோப்பு மணமும் முட்டை மணமும் கலந்து வந்தன, மூன்றாம் நாள் முட்டை மணம் மட்டும் வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத வில்லை கரைந்த நீரைத் துளசிக்கு ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. கரித்துண்டுகளைத் துணியில் கட்டித் தொங்கவிடுவதையும் முயன்று பார்த்தேன். சிறிது நாள் உதவுகிறது, பிறகு கரியின் நுண்துளைகள் நிறைந்து பயனற்றுப்போகிறது. என் தாயார் தேற்றாங்கொட்டையை இழைத்துப் போடச் சொன்னார். மண் கலங்கிய ஆற்றுநீரைத் தெளியவைக்க அது உண்மையிலேயே நல்ல மருந்து. கலங்கலைச் சேர்த்து அடியில் படியவைக்கும். எங்கள் பீப்பாயில் அடியில் படிவதுதான் சிக்கல் என்பதால் அதைச் செய்யவில்லை என்று அவரிடம் விளக்கினேன்; ஏற்றுக்கொண்டார்.

நாற்றம் வந்துவிட்ட பீப்பாயைச் சரிசெய்ய வேண்டுமென்றால் பிளீச் உதவும், ஆனால் வரிசை முக்கியம். கசடு உள்ளே இருக்கும்போது ஊற்றினால், அந்தக் கசடே பிளீச்சின் வீரியத்தைத் தின்றுவிடும். முதலில் முழுவதும் வடித்து, சேற்றைக் கழுவி வெளியேற்றி, மறுபடி நீர் நிறைந்த பிறகு, 200 லிட்டருக்கு 20 மில்லிலிட்டர் என்ற அளவில், மணம் சேர்க்காத 5 விழுக்காட்டு வீட்டுப் பிளீச்சைக் கலந்து ஓர் இரவு விட்டால் போதும்; லிட்டருக்கு 5 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். மறுநாளும் மூடியைச் சிறிது திறந்து, வாயில் வலையைக் கட்டி விட்டுவைத்த பிறகே செடிக்கு ஊற்றுங்கள். வினிகருடனோ கழிப்பறை அமிலத்துடனோ பிளீச்சை ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சுவாயு எழும். 16 மாதங்களில் எனக்கு இது இரண்டே முறைதான் தேவைப்பட்டது.

தொடக்கத்தில் நான் ஒரு தவறும் செய்தேன். மாதந்தோறும் பீப்பாயின் உட்சுவரைத் தூரிகையால் தேய்த்துப் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுக் கழுவினேன். உட்சுவரில் படரும் மெல்லிய வழுவழுப்பான படலம் அழுக்கு என்று எண்ணியிருந்தேன். கசடு சேராமலும் வெளிச்சம் படாமலும் இருக்கும் தொட்டியில், அந்தப் படலத்தில் வாழும் நுண்ணுயிரிகள் நீரில் கரைந்துள்ள சத்துகளைத் தாமே உண்டு, நீரை ஓரளவு சுத்தமாக வைக்கின்றன. அதைச் சுரண்டும்போதெல்லாம் அடுத்த இரண்டு வாரம் நீர் கலங்கலாகவே இருந்தது. இப்போது அடிக்கசடை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியேற்றுகிறேன், சுவரைத் தொடுவதில்லை.

இந்த நீரை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதில் தெளிவு வேண்டும். குடிக்கவோ சமைக்கவோ பாத்திரம் கழுவவோ கூடாது. பொதுப் பயனீட்டுக் கழகத்தின் குடிநீர்க் குழாயோடு இதை எந்த விதத்திலும் இணைக்கவும் கூடாது. நீர் பின்னோக்கிப் பாய்ந்தால் தெருவின் குடிநீரே மாசுபடும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா வெதுவெதுப்பான தேங்கு நீரில் வளரக்கூடும் என்பதால், நுண்துளியாகச் சிதறும் தெளிப்பானைத் தவிர்த்து, பூவாளியால் வேரில் ஊற்றுவதே எங்கள் வழக்கம். வாசலையும் செருப்பையும் துடைப்பத்தையும் கழுவுகிறோம், காரைத் துணியால் நனைத்துத் துடைக்கிறோம். கறிவேப்பிலையும் மல்லிகையும் குழாய் நீரைவிட இதில் செழிப்பதாக என் தாயார் உறுதியாகச் சொல்கிறார்.

பணக் கணக்கை மறைக்க விரும்பவில்லை. 2025 ஏப்ரல் முதல், மாதம் 40 கன மீட்டர் வரை பயன்படுத்தும் வீடுகளுக்குத் தண்ணீர் விலை கன மீட்டருக்கு 3.24 வெள்ளி. முழுப் பீப்பாய் 200 லிட்டரின் மதிப்பு 65 காசுதான். 189 வெள்ளியை மீட்க ஏறத்தாழ 290 முறை நிரப்பிக் காலி செய்ய வேண்டும். வாரம் இருமுறை என்று வைத்தாலும் மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம். நான் கூடுதலாக வாங்கிய குழாய், வலை, இணைப்புகளையும் சேர்த்தால் மூன்றாண்டைத் தாண்டும். கட்டணத்தைக் குறைப்பதற்காக மட்டும் வாங்குபவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கூரையில் விழும் நீர் கண்ணெதிரே கால்வாய்க்குள் ஓடுவதைப் பார்க்கப் பொறுக்காதவர்கள் வாங்கலாம். ஆனால் வாரம் பத்து நிமிடம் ஒதுக்க மனம் வேண்டும். அடிக்கடி வெளிநாடு செல்பவர்கள் வாங்க வேண்டாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளுக்கு இந்தத் தொகுப்பு பொருந்தவே பொருந்தாது. அங்கே இறங்கு குழாய்கள் பொதுச் சொத்து. 

இரண்டாவது பிப்ரவரி சென்ற மாதம் கடந்தது. பன்னிரண்டு நாள்கள் தொடர்ந்து மழையில்லை. பதின்மூன்றாம் நாள் ஹார்லிக்ஸ் புட்டியில் எடுத்துக் குலுக்கி முகர்ந்தபோது மிக இலேசான மண்வாசனை மட்டுமே இருந்தது. வெள்ளைக் குழாயை இறக்கி எடுத்தபோது, முந்தைய ஆண்டில் இரண்டு சென்டிமீட்டர் சேறு ஒட்டிய இடத்தில், விரலால் தேய்த்தால் மறையும் பழுப்புத் திரை மட்டுமே படிந்திருந்தது. 

எஞ்சியிருக்கும் ஒரே தொல்லை, முதல்நீர்க் குழாயின் அடியிலுள்ள சொட்டுத்துளைதான். அது மணலாலும் இலைத்துகளாலும் மாதம் ஒருமுறையாவது அடைத்துக்கொள்கிறது. அடைத்தால் அழுக்கு நீர் வடியாமல் தேங்கி, குழாய் எப்போதும் நிரம்பியே இருப்பதால், அடுத்த மழையின் முதல்நீர் நேராகப் பீப்பாய்க்குள் போய்விடும். வெளியிலிருந்து பார்க்க எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். மழை நின்று ஒரு மணி நேரம் கழித்துத் துளையின் கீழே தரை ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் இல்லையென்றால் அடிமூடியைக் கழற்றி, ஊசியால் குத்திக் கழுவுங்கள். துளையுள்ள அந்தச் சிறு பிளாஸ்டிக் துண்டு கடையில் தனியாக 3 வெள்ளிக்குக் கிடைக்கிறது. வாங்கும்போதே இரண்டு கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.